புட்டதாயம்மாவின் பொழிப்புரை

மைசூர் மேட்டகள்ளி ஊதுபத்திக் கம்பெனியில் புட்டதாயம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரியாது என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

இந்தப் புகழ் வந்த விதம் சின்னதுதான். பல வருஷத்துக்கு முன்னால் சந்தனவத்தி வாங்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பத்தி உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் அலமாரிகளுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார்கள். புட்டதாயம்மாவின் கால் பத்தி உருட்டும் மணையில் மாட்டிக்கொண்டதால் அவளால் ஓட முடியவில்லை. எதிரே வந்து நின்றவரிடம், பள்ளிக்கூடத்தில் மிச்சமிருந்ததை எல்லாம் திரட்டி, "வெல்கம் சார், சிட் டவுன் ப்ளீஸ்" என்றாள். உட்கார அங்கே நாற்காலி கிடையாது. வெள்ளைக்காரர் சிரித்தார். பழைய முதலாளி ரங்கசெட்டி அன்று சாயங்காலமே அவளைப் பேக்கிங் செக்ஷனுக்குச் சூப்பர்வைசர் ஆக்கினார்.

ரங்கசெட்டி இருந்தவரை இந்த ரகசியத்துக்கு ஆபத்து வரவில்லை. அவர் பேசியது சுத்தமான கன்னடம், அதிலும் பாதி திட்டு. "கை என்ன கல்யாணத்துக்குப் போயிருக்கா? ஆட்டுங்கடி!" என்று கத்தினால் யாருக்கும் பொழிப்புரை தேவைப்படாது. அவர் போன பிறகு மகன் கம்பெனியைப் பெங்களூரில் யாருக்கோ கைமாற்றினான். அங்கிருந்து சுஹாஸ் மேனேஜராக வந்தான்.

சுஹாஸ் ஹாசன் பக்கத்துப் பையன். நல்லவன். பசி எடுத்தால் மட்டும் அழகான கன்னடம் பேசுவான். வயிறு நிறைந்துவிட்டால் வேறு பாஷை. திங்கள்கிழமை காலை எல்லாரையும் பத்தி முக்கும் வாசனைத் தொட்டி பக்கத்தில் நிற்கவைத்து, "நம்ம டீமோட அலைன்மென்ட்ல ஒரு கேப் இருக்கு, அதைப் ப்ரோஆக்டிவா பிரிட்ஜ் பண்ணணும்" என்பான். பெங்களூர்க்காரர்கள் தினமும் வீடியோவில் அவன் காதில் ஊற்றுவதை, வாங்கின சூட்டோடு இவர்கள் காதில் ஊற்றுவான். அவனுக்கே அதில் பாதி புரிந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். கேட்டால் கௌரவம் போய்விடும் என்று அவன் மேலே கேட்பதில்லை. அதே காரணத்துக்காக இவர்களும் அவனைக் கேட்பதில்லை. தலை மட்டும் ஆடும். அந்தக் கம்பெனியில் மிகச் சீராக நடந்த வேலை தலையாட்டல்தான்.

அவன் அறைக்குத் திரும்பியதும் பெண்கள் புட்டதாயம்மாவைச் சூழ்ந்துகொள்வார்கள்.

"என்னக்கா சொன்னாரு?"

"வேற என்ன? சீக்கிரம் சீக்கிரம் கட்டச் சொல்றாரு."

"ஃபீட்பேக்கு ஃபீட்பேக்குன்னாரே?"

"குறை இருந்தா வாயத் தொறந்து சொல்லணுமாம். யாரும் சொல்லிடாதீங்க."

அவள் வார்த்தையைக் கேட்பதே இல்லை. முகத்தைப் பார்ப்பாள். புருவம் சுருங்கினால் வேலை கூடுகிறது. கண் சுவரைப் பார்த்தால் சம்பளம் தள்ளிப்போகிறது. சிரித்தால் சாப்பாடு. இதற்கு அத்தாட்சியும் இருந்தது. சுஹாஸ் சிரித்துக்கொண்டே 'டீம் பில்டிங்' என்று சொன்ன வாரம் எல்லாருக்கும் பிசிபேளேபாத் கிடைத்தது. சிரித்துக்கொண்டே 'வெல்னஸ்' என்றான், கண் பரிசோதனையும் ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் வந்தன. நீளமான வார்த்தையும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் பின்னாலேயே தட்டு வரும் என்று செக்ஷன் முழுக்கத் தெரிந்துவைத்திருந்தது.

அந்தத் திங்கள்கிழமை சுஹாஸ் சிரித்த சிரிப்பு அதுவரை யாரும் பார்க்காதது. பெங்களூரில் அவனுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். கஷ்டமான செய்தியைச் சொல்லும்போது முகம் மலர்ந்திருக்க வேண்டுமாம். அப்படிப் பயிற்சி கொடுத்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் விடமாட்டேன்.

"நம்ம பேக்கிங் செக்ஷன் ஒரு முக்கியமான டிரான்ஸிஷனுக்கு ரெடி ஆகுது. அடுத்த மாசத்துலருந்து ரிசோர்ஸ் ரேஷனலைசேஷன் நடக்கும். நீங்க எல்லாரும் புதுப்புது ஆப்பர்ச்சுனிட்டியை எக்ஸ்ப்ளோர் பண்றதுக்குக் கம்பெனி முழு சப்போர்ட்டா நிக்கும்" என்றான். பல் அத்தனையும் தெரிந்தன. முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கை தட்டினான். பெண்களும் தட்டினார்கள்.

சொல்ல வந்தது இவ்வளவுதான்: பேக்கிங் செய்ய மெஷின் வருகிறது, அடுத்த மாசம் உங்களுக்கு வேலை இல்லை. இதை அவன் அப்படியே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சொல்லிவிட்டோம் என்று நம்பிக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

முதலில் வந்தவள் லக்கம்மா. செக்ஷனிலேயே மூத்தவள், கூச்ச சுபாவம். இத்தனை வருஷத்தில் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்தவள் இல்லை. புட்டதாயம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லதா, கெட்டதாம்மா?" என்றாள்.

"சிரிச்சாரு இல்ல? நல்ல சேதிதான்."

புட்டதாயம்மா சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் கான்ட்ராக்டில் இருப்பவர்கள். அவர்களுக்கு நல்ல சேதி என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. டீ குடிக்கும்போது "பர்மனென்ட் பண்றாங்களோ?" என்றாள் ஒருத்தி. சாப்பாட்டு நேரத்தில் அந்த 'ளோ' உதிர்ந்துவிட்டது. சாயங்காலம் பஸ் ஏறும்போது பர்மனென்டோடு போனஸும் சேர்ந்திருந்தது.

ஷாஹிதா மட்டும் ஒட்டவில்லை. அவள் எதையும் சுரண்டிப் பார்க்கிற ரகம். "பர்மனென்ட்டுன்னு அவரு வாயால சொன்னாரா அக்கா? எனக்கென்னமோ கை தட்டிட்டு அவரு கண்ணத் தொடச்ச மாதிரி இருந்துது."

"சாம்பிராணிப் புகைடி."

"மூலையில தரைக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சு என்னமோ கட்டம் போட்டிருக்காங்களே, அது?"

"ஆயுத பூஜைக்கு. எல்லாத்துக்கும் ஒரு கேள்வி உனக்கு."

ஷாஹிதா கேட்டதில் காரணம் இருந்தது. நஞ்சன்கூடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் ஆள் எடுக்கிறார்கள். சனிக்கிழமை காலை ரிங் ரோட்டு முக்கில் வேன் வந்து நிற்கும், வந்தவர்களை அங்கேயே பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடும், அதற்குப் பிறகு வராது. பேக்கிங் பெண்களில் பாதிப்பேர் போவதாக இருந்தார்கள். இப்போது எல்லாரும் புட்டதாயம்மாவைப் பார்த்தார்கள்.

"பர்மனென்ட் ஆகப்போற இடத்த விட்டுட்டு எவளாவது போவாளா?" என்றாள் லக்கம்மா, அவளுக்கு வழக்கமில்லாத தைரியத்தோடு. புட்டதாயம்மா பேசாமல் நின்றாள். பேசாததையும் அவர்கள் இங்கிலீஷ் தெரிந்தவளின் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் களி கிண்டும்போது புருஷன் ஜவரய்யாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், டிக்கெட் கேட்கிற மாதிரிதான் எதையும் கேட்பார்.

"சரி, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேட்டியா?"

"கேட்டா எனக்குத் தெரியாதுன்னு ஆயிடும்ல?"

"தெரியாதுதானே?"

"உங்களுக்கு வாய் ரொம்ப ஜாஸ்தி. களி கட்டி தட்டுது, தள்ளுங்க."

களி கட்டி தட்டவில்லை. அவள் நெஞ்சில்தான் என்னவோ தட்டியது. பேக்கிங் செக்ஷனில் அவளுக்கு மரியாதை வந்தது சூப்பர்வைசர் பட்டத்தால் அல்ல. "அக்காவைக் கேளு, அக்காவுக்குத் தெரியும்" என்ற ஒரு பேச்சால். அது போய்விட்டால் தானும் மணையில் கால் மாட்டிக்கொண்ட இன்னொருத்திதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் பயம்.

ஆனாலும் வியாழக்கிழமை மனசு கேட்காமல் சுஹாஸின் அறைக்குப் போனாள். நேராகக் கேட்கத்தான் போனாள். கதவைத் திறந்ததும் வழக்கம் வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"சார், அந்த டிரான்ஸிஷன் விஷயம்..."

சுஹாஸ் எழுந்தே நின்றுவிட்டான். திங்கள்கிழமையிலிருந்து யாராவது வந்து கத்துவார்கள், அழுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தவன் அவன். "எல்லாரும் எப்படி ஃபீல் பண்றாங்கம்மா?"

"ரொம்ப சந்தோஷம் சார்."

"சந்தோஷமா?"

"ஆமா சார். நாளைக்கு உங்களுக்கு சால்வை போட்டு சன்மானம் செய்யணுங்கறாங்க. தேவராஜா மார்க்கெட்டுல பேட்டாகூட வாங்கியாச்சு."

மைசூரில் பேட்டா என்கிற தலைப்பாகை வைப்பது பெரிய விஷயமில்லை. ரிட்டயர் ஆனால் ஜரிகைத் தலைப்பாகை, பையன் பாஸ் ஆனால் தலைப்பாகை, வார்டு கவுன்சிலர் சாக்கடை தூர் வாரினால் தலைப்பாகை. ஆனால் வேலையைவிட்டு அனுப்புகிறவனுக்குத் தலைப்பாகை என்று சுஹாஸ் கேள்விப்பட்டதில்லை. எவ்வளவு பெரிய மனசு இந்தப் பெண்களுக்கு என்று உருகிப்போனான். கண் கலங்கிவிட்டது. "நீங்கல்லாம் இவ்வளவு பாசிட்டிவா எடுத்துக்குவீங்கன்னு நான் நினைக்கவே இல்லம்மா" என்றான்.

புட்டதாயம்மா அந்தக் கண்ணீரைப் பார்த்தாள். நமக்கு நல்லது செய்துவிட்டு நமக்காக அழவும் செய்கிறானே, பெற்றவள் புண்ணியம் செய்தவள் என்று நினைத்தாள். இருவரும் கும்பிட்டுக்கொண்டார்கள். அப்படி ஒரு மனநிறைவான பேச்சுவார்த்தை அந்த அறையில் அதற்கு முன்னால் நடந்ததில்லை. மத்தியானமே சுஹாஸ் பெங்களூருக்குச் சொல்லிவிட்டான், செய்தி மிக நன்றாக வரவேற்கப்பட்டது என்று.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சன்மானம். வாசனைத் தொட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் துண்டு விரித்திருந்தார்கள். கண்ணாடித் தாள் சுற்றிய பழத்தட்டு, சந்தனச் சீவல் மாலை, சால்வை, எல்லாம் தயார். மாதேவி என்கிற பெண் கணபதி பாட்டுப் பாடினாள். நடுவில் ஊதுபத்தித் தூளுக்குத் தும்மினாள், தும்மிவிட்டு விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். லக்கம்மா சுஹாஸின் தலையில் பேட்டாவை வைத்தாள். கொஞ்சம் பெரிய அளவு. காதுவரை இறங்கியது. சுஹாஸ் அழுதுகொண்டே சிரித்தான், பெண்களுக்கும் கண் நிறைந்துபோனது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஷாஹிதாவைப் பேசச் சொன்னார்கள். செக்ஷனில் வாய் உள்ளவள் அவள்தானே.

"சார், நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. நாளைக்குக் கார்மென்ட்ஸ்காரன் வேன் வருது. எங்கள்ல பாதிப்பேரு அதுல போறதா இருந்தோம். நீங்க எங்களப் பர்மனென்ட் பண்றீங்கன்னதும் வேணாம்னு விட்டுட்டோம். நீங்க இருக்கறப்ப எங்களுக்கு என்ன சார் கவலை?"

கைதட்டல் எழுந்தது. புட்டதாயம்மா கை தட்டவில்லை. அவள் சுஹாஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டாவுக்குக் கீழே அந்த முகம் வெளுத்துக்கொண்டு போனது. சிரிப்பு மட்டும் கழற்ற மறந்த செருப்பு மாதிரி அங்கேயே கிடந்தது. இத்தனை வருஷமாக முகம் பார்த்துப் பிழைத்தவள், அந்த ஒரு முகத்தை முதல்முறையாகச் சரியாகப் படித்தாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். அடுத்த மாசம்வரை மானம் மிஞ்சும். ஆனால் நாளைக்கு வேன் வந்துவிட்டுப் போய்விடும்.

அவள் முன்னால் வந்தாள். "சார், இங்கிலீஷ் வேணாம். அடுத்த மாசம் எங்களுக்கு வேலை இருக்கா, இல்லையா?"

"இல்ல, அதாவது, இதை நம்ம ஒரு லாங் டெர்ம் பெர்ஸ்பெக்டிவ்ல..."

"இருக்கா, இல்லையா?"

"கம்பெனி உங்க எல்லாரையும் ரொம்ப வேல்யூ..."

"உங்கம்மாகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க சார்."

சுஹாஸ் இரண்டு கையாலும் பேட்டாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். ஹாசன் கன்னடம் வந்தது, பசியில்லாமலே.

"இல்லம்மா. பேக்கிங்குக்கு மெஷின் வருது. யாருக்கும் வேலை இல்ல. திங்கக்கிழம அதத்தான் சொன்னேன்."

தொட்டியிலிருந்து மல்லிகை வாசனை மட்டும் குபுகுபுவென்று வந்தது. பிறகு ஷாஹிதா மெதுவாகத் திரும்பினாள். சுஹாஸ் பக்கமில்லை.

"அக்கா. நீ நல்ல சேதின்னியே?"

"எனக்குப் புரியலடி."

"அன்னிக்கா?"

"அன்னிக்கும் புரியல, அதுக்கு முன்னாடியும் புரியல. ஒரு நாளும் புரிஞ்சதில்ல. மூஞ்சியப் பாத்துச் சொல்லுவேன்." புட்டதாயம்மாவுக்கு அழுகை முட்டியது. "நீங்க கேக்கறப்ப தெரியாதுன்னு சொல்ல வாய் வரல."

"எங்க அத்தன பேரு சோத்துலயும் மண்ணப் போடப் பாத்தியே!" என்று மாதேவி கத்தினாள். ஒருத்தி பழத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். ஷாஹிதா புட்டதாயம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்போ அந்த ஃபீட்பேக்குன்னா என்னக்கா? குறையச் சொல்லாதீங்கன்னியே?"

"அது மட்டும் புரிஞ்சுது. சொல்லாம இருக்கறது என் யோசனை."

யாரோ ஒருத்தி பின்வரிசையில் சிரித்துவிட்டாள். கோபம் போகவில்லை, ஆனால் அதில் ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. ஷாஹிதா முந்தானையை இழுத்துச் செருகினாள். "அழுறவ எல்லாம் வேன்ல அழுதுக்கலாம். காலையில எல்லாரும் ரிங் ரோட்டுக்கு வந்துருங்க." அப்புறம் சுஹாஸைப் பார்த்தாள். "சார், நீங்களும் வரணும். இவங்கல்லாம் ஒழுங்கா வேலை செய்றவங்கன்னு சொல்லணும். கன்னடத்துல சொல்லணும்."

"வரேன்" என்றான் சுஹாஸ்.

சனிக்கிழமை வேன் சொன்னபடி வந்தது. இறங்கியவன் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞன். அவனும் சிரித்தான். "எங்க ஆர்கனைசேஷன்ல ஃப்ளெக்ஸிபிள் என்கேஜ்மென்ட் மாடல் ஃபாலோ பண்றோம். பெர்ஃபார்மன்ஸ் லிங்க்டு ரிவார்டு ஸ்ட்ரக்சர்..." என்று ஆரம்பித்தான்.

பழக்கதோஷம், அத்தனை தலைகளும் புட்டதாயம்மா பக்கம் திரும்பின. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"புரியல சாரு" என்று ஒரு குரல் கேட்டது. லக்கம்மா. எல்லாரும் திரும்பிப் பார்த்ததில் அவள் முகம் சிவந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "சம்பளம் மாசாமாசமா, வேலை நடந்தாத்தானா? சாயங்காலம் எத்தன மணிக்கு விடுவீங்க? எனக்கு வயசு ஐம்பத்தஞ்சு. எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

அட்டைக்காரன் சிரிப்பைச் சுருட்டிக்கொண்டான். "மாசாமாசம் உண்டும்மா. ஆறு மணிக்கு விடுவோம். வயசு..." என்று தயங்கினான். சுஹாஸ் முன்னால் வந்தான். "இவங்க கை எங்க கம்பெனியிலயே வேகமான கை. நான் மேனேஜர், நான் சொல்றேன்" என்றான். பச்சைக் கன்னடம். அட்டைக்காரன் லக்கம்மாவை ஒருமுறை பார்த்தான். "எடுப்போம். ஏறுங்க" என்றான்.

அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கேட்டார்கள். கழிப்பறை உண்டா, மழையில் வேன் வருமா, பண்டிகைக்கு லீவு உண்டா. அவன் மூச்சுவாங்கிப் பதில் சொன்னான். கடைசியாக ஏறப்போனவள் புட்டதாயம்மா. சூப்பர்வைசர் வேலை இல்லை, நூல் வெட்டத்தான் என்றான். "நூலுக்கு இங்கிலீஷ் வேணாமே, போதும்" என்றாள்.

படியில் கால் வைக்கும்போது சுஹாஸ் கூப்பிட்டான்.

"அம்மா, ஒரு விஷயம். நேத்து சாயங்காலம் பெங்களூர்லருந்து வீடியோவுல பேசினாங்க. என்னோட ரோல் எவால்வ் ஆகுதாம், என்னோட அடுத்த சாப்டருக்கு அவங்க எக்சைட்டடா இருக்காங்களாம்." அவன் ஒரு அடி கிட்டே வந்தான். "நீங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுவீங்களே. பேசினவரு ரொம்ப நல்லா சிரிச்சாரு."

"பல்லு தெரிஞ்சுதா?"

"எல்லாப் பல்லும்."

புட்டதாயம்மாவுக்கு விடை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "நான் அந்த வேலைய விட்டுட்டேன் சார். போன் போட்டு நீங்களே கேளுங்க."

"மேல இருக்கறவங்ககிட்ட எப்படிம்மா அப்படிக் கேக்கறது?"

"எனக்கு நீங்க மேலதானே சார்? நான் கேக்கல?"

சுஹாஸ் போனை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்தான். மறுமுனையில் பேச்சு ஆரம்பித்ததும் வேன் ஜன்னல் வரைக்கும் கேட்டது, நீளமான, வழவழப்பான, முடிவில்லாத இங்கிலீஷ். சுஹாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"சார், ஒரு நிமிஷம். எனக்கு வேலை இருக்கா, இல்லையா?"

வேனுக்குள் அத்தனை பேச்சும் நின்றது. மறுமுனையிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. சுஹாஸ் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றான். என்ன சொன்னார்கள் என்று யாரும் புட்டதாயம்மாவைக் கேட்கவில்லை.

லக்கம்மா சீட்டில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். "வாங்க சாரு, இடம் இருக்கு."

"பைக்ல வந்துருக்கேம்மா" என்றான் சுஹாஸ்.

"அப்ப பின்னாடியே வாங்க" என்றாள் லக்கம்மா.